காலித் தட்டில் பதினாலு கிராம்

நாகர்கோயிலுங்களா? வாங்க, உக்காருங்க. நானும் அங்கதானுங்க. விடியால சிங்காநல்லூர்ல ஏறுனேன். திருநெல்வேலி வர்ற வரைக்கும் இந்த சீட்டுல ஒருத்தரு என்ற தோளு மேலயே தூங்கிட்டு வந்தாரு. பேச்சுத்துணைக்கு நீங்க வந்தது நல்லதாப் போச்சு.

விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு புள்ளைய மன்னிச்சுட்டு வரலாம்னு போறேன்.

சிரிக்காதீங்க, நெசமாத்தானுங்க. நானூறு கிலோமீட்டருக்கு மேல பஸ்ஸுல குலுங்கிட்டுப் போயி ஒரு புள்ளைய மன்னிக்கறதுன்னா, இந்தக் காலத்துல எவன் பண்ணுவான்? எனக்கு எளகுன மனசு. எங்க ஊட்டுக்காரி எப்பவும் சொல்லுவா. இப்பக் கொஞ்ச நாளா சொல்றதில்லை, அது வேற.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர்ல ஒரு தராசுக் கம்பெனியில டிசைன் மேனேஜர். எலக்ட்ரானிக் தராசுங்க. மளிகைக்கடையில பருப்பு நிறுக்கறீங்க, பழைய பேப்பர் கடையில பேப்பர் போடறீங்க, அதுக்குள்ள பச்சையா ஒரு போர்டு இருக்குதுல்லீங்க? அது என்ற கை. முப்பத்தொரு வருசம். அந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன் நானு. இன்னும் ஏழு மாசத்துல ரிட்டயர்டு. மாலையும் மரியாதையுமா வெளிய வரோணும்கறது என்ற ஆசை. அதுல மண்ணள்ளிப் போட வந்தவதானுங்க நான் சொல்ற புள்ளை.

மொதல்ல சமாச்சாரத்தச் சொல்லீர்றேன். தட்டு மேல நீங்க ஒரு சாமான வெச்சீங்கன்னா, அடியில இருக்கற இரும்பு துளியூண்டு வளையும். அந்த வளைவு துளியூண்டு கரண்டா வரும். அதை எண்ணா மாத்திக் குடுக்கறதுக்கு ஒரு சிப்பு இருக்குதுங்க. ஏ.டி.சி.ம்போம். தராசுக்கு உசுரே அதுதான். தட்டுல ஒண்ணும் இல்லைன்னா அது சைபர்னு சொல்லோணும். ஒண்ணுமே இல்லாதப்ப மூணு, நாலுன்னு சொல்லுச்சுன்னா அதுக்குப் பேரு ஆஃப்செட். உலகம் பூரா இருக்கற வியாதிதானுங்க. நான் அதுக்கு வெச்சிருந்த மருந்து, பட்டன். ஜீரோ பட்டன், நல்லா செவப்பா, கட்டை விரலு தண்டிக்கு. என்ன காட்டுனாலும் அமுக்குங்க, சைபர் ஆயிரும். இருவது வருசமா ஒரு கடைக்காரன் குத்தம் சொன்னதில்லை.

போன வருசம் முதலாளிக்கு ஒரு ரோசனை வந்துருச்சு. பொறந்த குழந்தைய நிறுக்கற தராசு பண்ணலாம்னாரு. குறை மாசத்துல பொறக்கற குழந்தைங்க, கிலோவுக்கு மேல கொஞ்சந்தான் இருக்கும். நாளைக்கு இருவது கிராம், முப்பது கிராம் ஏறுதான்னு பாத்துத்தான் டாக்டருங்க பாலு அளவு சொல்லுவாங்களாம். அதுக்கு ஒரு கிராம் கூடப் பிசகக் கூடாதுன்னாரு. சரீன்னேன். ஒத்தாசைக்குன்னு ஒரு புள்ளைய வேலைக்கு எடுத்துக் குடுத்தாரு. ஹெப்சிபா. நாகர்கோயில் பக்கம். ஆளு பாத்தா சாதுவா இருக்கும். கேள்வி கேட்டாத்தான் தெரியும்.

வந்த மொத வாரமே பட்டனப் பாத்துட்டு, "சார், இது எதுக்கு?"ன்னுச்சு.

சைபர் பண்றதுக்கு அம்மணின்னேன்.

"தப்பா அளந்துட்டு, அதை சரின்னு சொல்ல வைக்கிறதுக்கா சார்?"

கேட்டீங்களா பேச்ச? எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. ஆனாலும் பொம்பளப்புள்ளை, அடக்கிட்டேன். சரி அம்மணி, நீ என்னதான் பண்ணுவேன்னேன். அது சொல்லுது, உள்ள வர்ற ரெண்டு கம்பியவும் மாத்தி மாத்திக் குடுக்கோணுமாம். நேரா ஒருக்கா அளக்கறது, தலைகீழா மாத்தி இன்னொருக்கா அளக்கறது. கம்பிய மாத்துனா எடை மைனஸ் ஆயிரும், ஆனா சிப்போட சொந்தத் தப்பு மாறாம அப்படியே நிக்கும். ஒண்ணுல இருந்து ஒண்ணக் கழிச்சுப் பாதி பண்ணுனா தப்பு அடிபட்டுப் போயிரும், எடை மட்டும் தங்கும். செகண்டுக்குப் பத்து வாட்டி இப்படியே மாத்திக்கிட்டு இருக்கோணுமாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "ஏன் அம்மணி, சந்தையில கத்திரிக்கா விக்கறவ வலது கையில ஒருக்கா, இடது கையில ஒருக்கா தூக்கிப் பாக்கறாளே, அதுக்கா நாலு வருசம் இஞ்சினீரிங் படிச்சே?"ன்னேன். மொத்த ரூமும் சிரிச்சுது. அதுவும் சிரிச்சுது. "ஆமா சார், அந்த அக்காவுக்கு ஆஃப்செட்டுன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு"ன்னுது. அதுக்கும் சிரிச்சானுங்க. அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாப் புடிக்கலீங்க.

சரி. மார்ச்சு மாசம் பன்னெண்டு பீஸு போர்டு தயாராச்சு. எங்கிட்ட ஒரு வழக்கம். மொத மொதல்ல வர்ற போர்டு எதுவா இருந்தாலும், வெள்ளிக்கெழமை காலையில குளிச்சுட்டு, தட்டுல வெச்சு, சூடம் காட்டி, நானே பொட்டு வெப்பேன். சந்தனத்தக் கொழைச்சு ஒரு தீத்தல், அது மேல குங்குமம். எங்க வெப்பேன்னு கேளுங்க. ஏ.டி.சி. சிப்பு மேல. நடு நெத்தி மாதிரி. உசுரு இருக்கற எடத்துலதானுங்களே வெக்கோணும்? பூசை முடிஞ்சதும் துண்டுல பதனமாத் தொடைச்சுட்டு டப்பாவுல போட்டு மூடிருவேன். முப்பத்தொரு வருசத்துல ஒரு போர்டு என்ற பொட்டு இல்லாம வெளிய போனதில்லை. மொத லாட்டுன்னு மட்டும் வெச்சுக்கங்க. அதுக்கப்புறம் வர்ற ஆயிரக்கணக்குக்கு நான் எங்க போறது.

பன்னெண்டுக்கும் வெச்சேன். பன்னெண்டும் அட்டகாசமா சைபர் காட்டுச்சு. வெயில் காலம். மலை மேல ஒரு ஆசுபத்திரிக்கு ஆறு தராசு, நிறுத்துப் பாத்துச் சொல்லுங்கன்னு தாட்டிவுட்டோம்.

ஜூன்ல சாரல் புடிச்சுதுங்க. புடிச்ச மூணாம் நாளு அந்த ஆசுபத்திரி நர்ஸம்மா போனு. காலித் தட்டுலயே எடை காட்டுதுன்னாங்க. பட்டன அமுக்குங்கன்னேன். அமுக்கறோம், அரை மணி நேரத்துல திருப்பி ஏறுதுன்னாங்க. திருப்பி அமுக்குங்கன்னேன். அந்தம்மா அழுவாத குறையாப் பேசுறாங்க. குறை மாசக் குழந்தை ஒண்ணு, நாலு நாளா எடையே ஏறாமக் கெடந்துச்சாம். அன்னிக்குக் காலையில முப்பது கிராம் கூடக் காட்டிருக்குது. தாய்க்காரி சந்தோசத்துல நர்ஸம்மா கையப் புடிச்சுட்டு அழுதுட்டாளாம். குழந்தைய எடுத்த பொறவு பாத்தா காலித் தட்டே முப்பது காட்டுதாம். அதை எப்புடிங்க அந்தத் தாய்கிட்டப் போயிச் சொல்றதுன்னு என்னையக் கேக்கறாங்க.

முப்பது கிராமுங்க! ஒரு பிஸ்கோத்துப் பாக்கெட்டு கூட இல்லை. அதுக்கு இத்தனை ரகளை.

அந்தப் புள்ளை மட்டும் அன்னிக்கு மத்தியானம் சோறு திங்கலீங்க. டிபன் டப்பாவத் தொறக்கவே இல்லை. போர்ட எடுத்து வெச்சுட்டு உக்காந்துருச்சு. கம்பிய மாத்தி மாத்தி அளக்கற சோலிய ரெண்டே நாள்ல பண்ணிக் காட்டுச்சு. முப்பது இருந்தது பதினாலுக்கு வந்துருச்சு. பாதிக்குப் பாதி, கெட்டிக்காரிதான், நான் இல்லைங்கலை. எனக்கு அதுவே போதும். பதினாலத் தூக்கி சாப்ட்வேர்ல கழிச்சு உட்டுரு அம்மணின்னேன்.

அது தலையாட்டுது. "கழிக்க முடியாது சார், இது வெயில்ல ஒண்ணும் மழையில ஒண்ணுமா மாறுது. அதோட, கம்பிய மாத்தி அளந்தும் போகலைன்னா இது சிப்போட தப்பு இல்ல. மாத்துற எடத்துக்கு முன்னாலயே உள்ள வந்துருது. யாரோ வெளிய இருந்து போடுதாங்க"ன்னுது.

யாரோவாமுங்க!

ஆசுபத்திரிக்குப் போன ஆறையும் திருப்பி வரவழைச்சு, ஒரு வாரம் பூதக்கண்ணாடிய வெச்சுட்டுத் தேடுச்சு. கடைசியில ஒரு சாயங்காலம் பன்னெண்டு பேரு இருக்கற ரூமுல, எல்லாத்துக்கும் முன்னால வந்து நின்னு, "சார், கோவிச்சுக்கிடாதீங்க, குங்குமந்தான் சார்"ன்னுச்சு.

எனக்கு ஒண்ணும் வெளங்கலை. என்ன குங்குமம்னேன். பொட்டு சிப்போட காலுக்குள்ள எறங்கிருக்குதாம். துண்டுல தொடைச்சா மேல மட்டுந்தான் போகுமாம். குங்குமத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்குது, காத்துல ஈரம் ஏறுனா அது வழியாக் கரண்டு ஒழுகுதாம். துளியூண்டுதான் ஒழுகுது, அந்தத் துளிதான் பதினாலு கிராம்னுது. ஸ்பிரிட்டத் தொட்டு பிரஷ்ல கழுவுன போர்டு ஒண்ணக் காட்டுச்சு. சைபர்ல அசையாம நிக்குது.

நீங்களே சொல்லுங்க. சாமிக்கு வெச்ச பொட்டக் கழுவிருக்குது! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம! ஏன் அம்மணி, எங்க சாமி உனக்கு ஆகாதான்னு கேட்டுட்டேன். நான் அப்படியெல்லாம் பாக்கற ஆளு இல்லீங்க. கிறிஸ்துமஸுக்கு அது கேக் கொண்டாந்தப்ப மொத ஆளா ரெண்டு துண்டு எடுத்துத் தின்னவனே நாந்தான். ஆனா வாயில வந்துருச்சு. வந்தத முழுங்க முடியுமுங்களா?

அது மூஞ்சி செவந்துருச்சு. ஆனா சத்தம் போடலை. "எங்க சர்ச்சு எண்ணெயத் தடவியிருந்தாலும் இதையேதான் சார் சொல்லியிருப்பேன்"னுட்டுப் போயி அது சீட்டுல உக்காந்துருச்சு. அந்தப் பன்னெண்டு பேருல ஒருத்தனாவது எனக்காக வாயத் தொறப்பான்னு பாத்தேன். எல்லாவனும் கம்ப்யூட்டரையே மொறைச்சுட்டு இருக்கறான்.

அதுக்கு அடுத்த மாசம் அதோட வேலைய நிரந்தரம் பண்ற நேரம். ரிப்போர்ட்டு நான் எழுதோணும். எங்க கம்பெனியில அதுக்கு ஒரு தாளு உண்டு. போர்டுல கண்ட பிழை என்ன, எவ்வளவு, பிழைக்குக் காரணம் என்னன்னு கட்டம் கட்டமா இருக்கும். நான் நல்லா ரோசிச்சுத்தான் எழுதுனேன். "பிழைக்குக் காரணம்: இன்ஜினீயரின் உள்ளங்கை வியர்வை. நுண்ணிய வேலைக்குத் தகுதியில்லை." வேர்வையில உப்பு இருக்குதுங்க, அதுலயும் கரண்டு ஒழுகும். நான் ஒண்ணும் பொய்யி எழுதலை, விஞ்ஞானந்தான் எழுதுனேன். அந்தப் புள்ளை கையுறை போடாம ஒரு போர்டையும் தொட்டதில்லைன்னு யாரோ முதலாளிகிட்டச் சொன்னானாம். கையுறை போட்டாத்தான் இன்னும் வேர்க்கும்னேன். முதலாளி அன்னிக்கு வெளிநாடு கெளம்பற அவசரம். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. புள்ளை பெட்டியக் கட்டிட்டு ஊருக்குப் போயிருச்சு.

அத்தோட முடிஞ்சுதுன்னு பாத்தா, எனக்கு மனசு கேக்கலைங்க. சந்தேகமெல்லாம் இல்லை. சும்மா, அதோட பேச்சு தப்புன்னு காட்டிரலாம்னு. ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு போர்ட ஊட்டுக்குக் கொண்டு போனேன். ரெண்டும் அந்தப் புள்ளை கழுவுனது, ஒண்ணுக்கு மட்டும் நான் புதுசாப் பொட்டு வெச்சேன். ஊட்டுக்காரி இட்லி ஊத்திட்டு இருந்தா. அந்த ஆவியில ரெண்டையும் காட்டுனேன். "இட்லிக்குப் பதுலா என்னத்த வேக வெக்கறீங்க?"ன்னு அவ கேக்கறா. பொட்டு வெக்காதது சைபர். பொட்டு வெச்சது பதினாலு. ஸ்பிரிட்டுல கழுவுனேன், சைபர். திருப்பிப் பொட்டு வெச்சேன், பதினஞ்சு. மூணு வாட்டி பாத்தேனுங்க, மூணு வாட்டியும் அதேதான். ஊட்டுக்காரி பின்னால நின்னு பாத்துட்டே இருந்திருக்கறா, எனக்குத் தெரியாது. ஸ்பிரிட்டு பாட்டில மூடி வெச்சுட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா. அன்னிக்கு நான் ரெண்டு இட்லியோட எந்திரிச்சுட்டேன். மாவு புளிச்சிருச்சு போல.

அது ஞாயித்துக்கெழமைங்களா. புதங்கெழமை பெங்களூர்ல இருந்து ஒரு கம்பெனிக்காரன் போன் பண்றான். ஹெப்சிபான்னு ஒரு பொண்ணு எங்ககிட்ட வேலைக்கு வருது, உங்ககிட்ட இருந்துதாமே, எப்புடின்னு. நல்ல புள்ளைதாங்க, ஆனா கை வேர்க்கும், நுண்ணிய வேலைக்கு ஆகாதுன்னேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

ஆமாங்க, ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம்தான் புதங்கெழமை. அதுல என்ன? எழுத்துல ஒண்ணக் குடுத்துட்டு வாயில வேற ஒண்ணச் சொன்னா, என்ற வார்த்தைக்கு என்ன மரியாதை இருக்குது? முப்பத்தொரு வருசமுங்க.

சரி, தண்ணி கொஞ்சம் குடிச்சுக்கறேன். கரண்டு எடுக்கற காத்தாடியெல்லாம் வந்துருச்சு, ஆரல்வாய்மொழி போல.

முதலாளி திரும்பி வந்தாரு. நர்ஸம்மா அவரையே நேரா போன்ல புடிச்சுட்டாங்க. அவரு அந்தப் புள்ளையோட மேசையத் தொறந்து பாத்திருக்கறாரு. நோட்டு ஒண்ணு இருந்துருக்குது. பன்னெண்டு போர்டுக்கும் வரிசையா, பொட்டோட எவ்வளவு, கழுவுன பொறவு எவ்வளவுன்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்குது. என்னையத் திட்டி ஒரு வார்த்தை இல்லீங்க அதுல. என்ற பேரே இல்லை. "பொட்டு"ன்னு மட்டும் எழுதிருக்குது. அவரே ஒரு போர்டுல பொட்டு வெச்சும் கழுவியும் பாத்துட்டு என்னையக் கூப்புட்டாரு. அவரு வாரத்துக்கு ஒருக்கா மருதமலை ஏறுற ஆளு, தெரியுமுங்களா? "நாச்சிமுத்தண்ணா, கோயிலுக்குப் போனா சாமி நெத்தியில பொட்டு வெப்பீங்களா, கண்ணுக்குள்ள அப்புவீங்களா? டப்பா மேல வெச்சா உங்களுக்கு ஆகாதா?"ன்னாரு.

அப்பறம் அவரு அந்தப் புள்ளைக்குப் போன் போட்டு, திரும்பி வா அம்மணின்னிருக்கறாரு. வரமாட்டேன்னுருச்சு. மன்னிப்புக் கடுதாசி எழுதச் சொல்லட்டான்னிருக்கறாரு. அதுவும் வேண்டாமாம். நான் போன்ல சொன்னதக் கேட்டுட்டுத் தயங்கற பெங்களூர்க்காரன் நாளைக்கு வரைக்குந்தான் எடத்த வெச்சிருப்பானாம். அதுக்குள்ள அதே தாளு, அதே கட்டம், சரியா நெரப்பி, நான் கையெழுத்துப் போட்டு, என்ற கையாலயே கொண்டாந்து குடுத்தாப் போதும்னிருக்குது. முதலாளி தாள என்ற கையில குடுத்து, "குடுத்துட்டு, வாங்கிக்கிட்டேன்னு அதுகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா வராதீங்க"ன்னுட்டாரு. ஏழு மாசம் இருக்குதுங்க. மாலைக்கு ஏழு மாசம்.

இதா, பாருங்க, தாளு. பிழை எவ்வளவு? பதினாலு கிராம், எழுதிட்டேன். எந்தெந்த போர்டு? பன்னெண்டும், எழுதிட்டேன். இந்த ஒரு கட்டந்தானுங்க. பல்லடத்துல இருந்து இதையே பாத்துட்டு வாரேன். "காற்றின் ஈரப்பதம்"னு எழுதலாமுங்களா? அதுவும் நெசந்தானே. மழை இல்லைன்னா பிழை இல்லை. வேண்டாமா? "இயற்கைப் பொருட்களின் படிவு"? நல்லா கௌரவமா இருக்குது. அதுவும் வேண்டாமா? "வழிபாட்டு முறையில் நேர்ந்த…" சரி, சரி, கோவிச்சுக்காதீங்க.

நீங்க என்னங்க வேலை? வாத்தியாரா! நெனைச்சேன். அந்தப் பார்வை எங்கியோ பாத்த மாதிரியே இருந்துச்சு. வாத்தியாருன்னா நீங்களே ஒரு நல்ல வார்த்தையாச் சொல்லுங்களேன், கட்டம் சின்னது.

என்னங்க?

என்ற பேரா? வெறும் பேரா?

விளையாடறீங்க. குங்குமம்னாவது எழுதலாம். குங்குமம் என்ன தானா வந்து ஏறுச்சான்னா கேக்கறீங்க? அது இல்லீங்க… அது சரிதானுங்க, ஆனா…

அந்தப் புள்ளை வேலைக்குப் போகோணுமா வேண்டாமான்னு எங்கிட்டக் கேட்டா நான் என்னத்தச் சொல்றது. போகட்டும்னுதானுங்க நானும் வாரேன். அது மத்தியானச் சோறு திங்காம உக்காந்திருந்தது எனக்கும் இன்னும் கண்ணுலயேதான் நிக்குது. அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. முப்பது கிராம்தானேன்னு நான் சொல்லீட்டேன், அது அப்படிச் சொல்லலை.

பேனா இருக்குதுங்களா? செவப்பு மைதானா? இருக்கட்டும், குடுங்க. பஸ்ஸு குலுங்குது, இந்தத் தாள ஒரு ஓரமாப் புடிச்சுக்கங்க.

எழுதிட்டேன். படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க. "பிழை: பதினாலு கிராம். பிழைக்குக் காரணம்: நாச்சிமுத்து."

வடசேரி வந்துருச்சா? இருங்க, இருங்க, பேனாவ இன்னும் வாங்காதீங்க. கீழ ஒரு கட்டம் மிச்சம் இருக்குது. "பிழையைச் சோதித்து உறுதி செய்தவர்" அப்படீன்னு. இட்லி ஆவியில மூணு வாட்டி பாத்தவன் நாந்தானே, அங்கயும் என்ற பேரத்தானுங்களே எழுதோணும்?